லண்டன் – யாழ்ப்பாணம்: அந்த ஐந்தரை மணிநேரம்

ஹீத்ரோவிலிருந்து கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பத்தரை, பதினொரு மணிநேரம். திரும்பும்போது எதிர்க்காற்றில் இன்னும் கொஞ்சம் கூடும். எல்லோரும் இதை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஊருக்கு அதன்பிறகு 350 கிலோமீட்டருக்கு மேல் வீதி இருக்கிறது. நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று வாகனத்தில் ஆறேழு மணிநேரம். ரயில் பிடிக்க வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகவேண்டும். இரவு முழுக்கப் பறந்து வந்தவருக்கு அந்த வேலை வேண்டாம்.

சென்னை வழியும் உண்டு. அங்கிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு ஆகாயத்தில் 350 கிலோமீட்டர் அளவுதான். சிறிய விமானம் ஒன்றேகால் மணிநேரத்தில் இறக்கிவிடும். 2019இல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்ட சேவை. டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் இந்திய விசா தேவை. பொதி எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நான்கரை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டை மாற்றி எழுத அம்மாவின் இறப்புச் சான்றிதழின் பிரதி தேவைப்பட்டது. பருத்தித்துறைப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். எங்கே இறந்தார் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் என்றேன். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு இருக்கும், நகரத்துக்குப் போங்கள் என்றார்கள். 750ஆம் இலக்க பஸ்ஸில் நெல்லியடி வழியாக, நின்றுகொண்டே போனேன். அங்கே படிவத்தில் இறந்த திகதி கேட்டிருந்தது. யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணிநேரம் கழித்து அலுவலகத்துப் பிள்ளை ஒன்று வந்து, "ஐயா, இந்தத் திகதியில் அப்படி ஒரு பெயர் இல்லை" என்றது. நான் சத்தம் போட்டேன். வெளிநாட்டுச் சத்தம், அங்கே எல்லோருக்கும் அது பழக்கமானது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று வியாழன். வெள்ளிக்கிழமை போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. இரண்டு வார விடுமுறையில் நான்கு நாள் போனது. டிக்கெட் போடுமுன் இலங்கை நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். அன்று அரச அலுவலகம் எதுவும் திறக்காது.

ஞாயிறு இரவு மச்சாளிடம் இந்த அநியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான். தேங்காய் துருவிக்கொண்டே, "அத்தான், மாமி போனது புதன்கிழமை விடியப்புறம் நாலு மணிக்கு அல்லவா?" என்றார்.

எனக்கு அழைப்பு வந்தது செவ்வாய் இரவு பத்தரைக்கு.

எட்டு வருடமாக நான் லண்டனில் செவ்வாய்க்கிழமையின் திகதிக்கே விளக்கேற்றி வந்திருக்கிறேன். அந்த இரவும் இதே விமானக் கணக்கைத்தான் போட்டேன்: பதினொன்று, ஏழு, இடையில் காத்திருப்பு. வியாழன் மாலைக்குள் வந்திருக்கலாம். காத்திருக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை திகதியைத் திருத்திக் கொடுத்தேன். கால் மணிநேரத்தில் பதிவு கிடைத்தது. மூன்று பிரதி கேளுங்கள். காணிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. மூன்றாவது என் கைப்பையில் வந்தது.