சர்வரில் எஸ்எஸ்டி: செய்யக் கூடாதவை

புதிதாகச் சேரும் தம்பிகள் சர்வருக்கு எஸ்எஸ்டி கேட்டு எழுதும் பட்டியல், அந்தக் காலத்தில் நாங்கள் எழுதியது போலவே, அதே தவறுகளோடு இருக்கிறது. பேக்கப், சூடு பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

லேப்டாப் எஸ்எஸ்டியை டேட்டாபேஸ் சர்வரில் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பெட்டியில் விநாடிக்கு 3,500 எம்பி என்று போட்டிருக்கும், விலையும் குறைவு, வாங்கிவிடுவார்கள். அந்த வேகம் பெரிய ஃபைலை மொத்தமாக எழுதும்போதுதான் வரும், அதுவும் எஸ்எல்சி கேஷ் (டிரைவுக்குள் வேகமாக எழுத ஒதுக்கிய பகுதி) நிரம்பும் வரை. டேட்டாபேஸ் அப்படி எழுதுவதில்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு பதிவை உறுதி செய்யும்போதும்) எஃப்சிங்க், அதாவது 'நிரந்தரமாக எழுது' என்ற கட்டளை, கொடுத்துவிட்டு, எழுதியாயிற்றா என்று காத்து நிற்கும். சர்வர் டிரைவில் கரண்ட் போனாலும் ரேம் கேஷில் (கரண்ட் போனால் அழியும் தற்காலிக நினைவகம்) உள்ளதை ஃபிளாஷில் (நிரந்தரமாகச் சேமிக்கும் சிப்) எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அந்தத் தைரியத்தில், கேஷுக்கு வந்ததுமே ஆச்சு என்று சொல்லிவிடும். லேப்டாப் டிரைவ் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் வரை போய்த்தான் வர வேண்டும்.

ஒரு அலுவலகத்தில் பில்லிங் ஊர்கிறது என்று கூப்பிட்டார்கள். சிபியு சும்மா கிடக்கிறது, ஐஓ வெயிட் (டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரம்) மட்டும் ஏறி நிற்கிறது. "பெஞ்ச்மார்க்கில பிரமாதமா வந்துச்சே சார்" என்றார் வாங்கிய தம்பி. எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியில் 4கே ரேண்டம் ரைட் (சிதறிய இடங்களில் 4 கேபி துண்டுகளாக எழுதுவது), கியூ டெப்த் 1 (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்), ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்சிங்க் என்று வைத்து ஓட்டினேன். விநாடிக்குச் சில நூறு ரைட்தான் வந்தது. அப்புறம் புது டிரைவ் வாங்க மறுபடியும் பணம் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

டேட்டாஷீட்டில், மேலே சொன்ன கெப்பாசிட்டர் பாதுகாப்பான பவர் லாஸ் புரொடெக்‌ஷன் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் ஏற்கெனவே ஃபிளாஷில் எழுதியதற்கு மட்டுமே பாதுகாப்பு, அதில் ஏமாறாதீர்கள்.

டிடபிள்யூபிடி பார்க்காமல் வாங்குவது

டிடபிள்யூபிடி என்றால், வாரண்டி காலம் முழுக்க டிரைவின் முழுக் கொள்ளளவைத் தினமும் எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கு. 3.84 டிபி, 1 டிடபிள்யூபிடி, 5 வருட வாரண்டி என்றால் மொத்தம் சுமார் 7,000 டிபி எழுதலாம். உங்கள் சர்வர் தினமும் எவ்வளவு எழுதுகிறது என்று முதலில் அளந்து பாருங்கள்.

ஃபர்ம்வேரைத் தொடாமல் விடுவது

2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ ஓர் அறிவிப்பு விட்டது: சில எஸ்ஏஎஸ் (சர்வர்களில் வரும் ஓர் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது, ஃபர்ம்வேரை (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) மாற்றுங்கள் என்று. ரெய்டில் (ஒன்று போனாலும் டேட்டா நிற்கும்படி பல டிரைவைச் சேர்த்து ஓட்டுவது) எல்லா டிரைவையும் ஒரே நாளில் போட்டிருந்தால், எல்லாமே ஒரே நேரத்தில் போகும். அப்போது ரெய்டு இருந்து என்ன பயன்?

கழற்றி அலமாரியில் வைப்பது

ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த எண்டர்பிரைஸ் டிரைவுக்கு, கரண்ட் இல்லாமல் 40 டிகிரியில் ஜெடெக் (சிப்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரம் கேட்பது, டேட்டா அழியாமல் 3 மாதம் இருந்தால் போதும் என்பதுதான்.

டிடி கமாண்டில் அழிப்பது

டிஸ்க் மேல் வேறு டேட்டாவை எழுதும் டிடி மட்டும் போதாது. டிரைவே தன்னை முழுதாக அழித்துக்கொள்ளும் சானிடைஸ் கட்டளையைக் கொடுங்கள்.