ஹகி கோப்பை கசிகிறதா? கஞ்சியில் போட்டு எடுங்கள்

புது ஹகி கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் மேசையில் ஈர வளையம் தெரியும். விரிசல் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஜப்பானின் யமகுச்சி மாகாணத்திலுள்ள ஹகியில், அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷியின் கொரியப் படையெடுப்பின்போது (1592–1598) கொண்டுவரப்பட்ட குயவர்கள் தொடங்கிவைத்த வேலை இது. மண் முழுக்க இறுகும் அளவுக்குச் சுடுவதில்லை. மண்ணும் மேல்பூச்சும் ஒரே அளவில் சுருங்காததால் பூச்சில் மயிரிழைக் கோடுகள் விழும். அதன் வழியாகத்தான் கசிவு. கஞ்சியின் பசை உள்ளே இறங்கி அதை அடைக்கும்.

1. கோப்பையைக் கழுவி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

2. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, கோப்பையை வைத்து, அது மூழ்க ஆறிய வடிகஞ்சியைத் தண்ணீராக விளாவி ஊற்றுங்கள். உப்புச் சேர்க்காத கஞ்சி. மைதா கரைசலும் போடுகிறார்கள். எனக்குக் கஞ்சிதான் பிடிக்கும், வாடை தங்குவதில்லை. குழம்பு வைக்கிற பாத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. சிறு தீயில் இருபது நிமிடம். தளதளவென்று கொதித்தால் கோப்பை ஆடி விளிம்பு சிதறும்.

4. அடுப்பை அணைத்து, கஞ்சியிலேயே முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்தால் வெடிக்கலாம். பிறகு வழுவழுப்புப் போகும்வரை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு கூடாது.

5. உலர்த்துவதில்தான் எல்லாமே இருக்கிறது. உள்ளே சோற்றுப்பசை, ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடித்துவிடும். மேல்பக்கம் காய்ந்ததும் அலமாரியில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். பூச்சில்லாத அடிவளையத்தைப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை அது கருத்துத் தெரியும். முழுக்க வெளுத்த பிறகும் ஒரு நாள் காற்றில் இருக்கட்டும். கவிழ்க்காமல், இரண்டு குச்சிகள் மேல் வையுங்கள்.

இன்னும் கசிந்தால் மறுபடி செய்யலாம். அப்புறம், ஒவ்வொரு முறை தேநீர் ஊற்றும் முன்பும் சில நிமிடம் வெந்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: சிலர் யீஷிங் கெண்டிக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். அந்தச் சீன மண் கசியாது. கஞ்சி போட்டால் வீணாக மேலே பசைதான் ஏறும். ஜப்பானின் அரிதா ஊர்ப் பீங்கான் உறிஞ்சுவதே இல்லை. பொன் தீட்டிய கோப்பைகளைக் கொதிக்க வைக்காதீர்கள். மட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) கலக்கும் ஹகி கிண்ணத்துக்கு நான் கஞ்சி போடுவதில்லை, நனைத்தாலே போதும். தேநீர் கோடுகளில் இறங்கி நிறம் மாறுவதற்காகத்தானே ஹகியை வாங்குகிறோம்!