லைசென்ஸ் புதுப்பிக்க, முகவரி மாற்ற: அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. தமிழ்நாட்டில் லைசென்ஸ் புதுப்பிக்க வருபவர்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன். விண்ணப்பம் போடுவது கஷ்டமே கிடையாது. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். செல்லுபடியாகும் தேதி இரண்டு இடத்தில் இருக்கலாம். என்.டி. என்று போட்டிருப்பது சொந்த வண்டிக்கு. டி.ஆர். என்று போட்டிருப்பது வாடகை வண்டி, லாரி, பஸ் போன்ற தொழில் வண்டிகளுக்கு. இரண்டும் வேறு வேறு நாளில் முடியும். என் அப்பா லோடு லாரி ஓட்டியவர். அவர் அட்டையில் என்.டி. தேதி இன்னும் பல வருடம் தள்ளி இருந்தது, டி.ஆர். தேதி முடிந்துபோயிருந்தது. அந்த நிலையில் அவர் வீட்டு பைக்கை ஓட்டலாம், லாரியைத் தொடக்கூடாது. ஹெவி லைசென்ஸ் எடுத்தவர்கள் தள்ளி இருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முதலில் முடியும் தேதியைப் பாருங்கள்.

தேதி முடிய எவ்வளவு நாள் என்பது உங்கள் வயதைப் பொறுத்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது கணக்கு மாறிவிட்டது. சொந்த வண்டி லைசென்ஸை 30 வயதுக்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 40 வயது வரை செல்லும். 30 தாண்டி 50க்குள் என்றால் பத்து வருடம். 50 தாண்டி 55க்குள் என்றால் 60 வயது வரை. அதற்கு மேலே ஐந்து ஐந்து வருடமாகத்தான் தருவார்கள். டி.ஆர். எந்த வயதிலும் ஐந்து வருடம்தான். ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு மூன்று வருடம், அதற்குத் தனியாக ஒரு பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

பழைய சட்டப்படி 20 வருடம் அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை கொடுத்தார்கள். கல்லூரிக் காலத்தில், 2006ல் லைசென்ஸ் எடுத்தவருக்கு 2026ல் முடிகிறது. இந்த வயதுக்காரர்கள்தான் அதிகமாக ஏமாந்துபோகிறார்கள். இருபது வருடமாக யாரும் கேட்காத அட்டை, பர்ஸில் அப்படியே இருந்திருக்கும். உங்கள் வகுப்புத் தோழர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான ஒன்று. "தேதி முடிந்தாலும் ஒரு மாசம் ஓட்டலாம்" என்று இன்னமும் எல்லோரும் சொல்கிறார்கள். டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்பவர்கள் உண்டு. அந்த 30 நாள் சலுகையை 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளே அந்த லைசென்ஸ் செல்லாது. புதுப்பிக்க முன்னால் ஒரு வருடமும் பின்னால் ஒரு வருடமும் அவகாசம் இருக்கிறது. அந்தப் பின்னால் உள்ள ஒரு வருடம் விண்ணப்பிக்கத்தான், ஓட்ட இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மறுபடியும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். முப்பது வருடம் வண்டி ஓட்டியவரும் எட்டு போட்டுத்தான் ஆக வேண்டும்.

செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். அப்படிப்பட்டவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய். அபராதத்தைக்கூட ஒரு மாதம் சிரமப்பட்டுக் கட்டிவிடலாம். விபத்து நடந்துவிட்டால்தான் பயம். சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். எதிரில் வந்தவருக்கு அடிபட்டால், கம்பெனி அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடும். அந்தத் தொகை லட்சக்கணக்கில் போகும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலைமை. ஒருவர் தேதி முடிந்த அட்டையோடு வண்டியில் வந்து இறங்கினால், திரும்பிப் போகும்போது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம்.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் சாரதி என்ற பிரிவு இருக்கிறது. தளத்தின் முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் தனியார் தளங்கள் இருக்கின்றன, பணமும் வாங்கிக்கொள்கின்றன. வாட்ஸ்அப்பில் பரிவாகன் செயலி என்று யாராவது ஃபைல் அனுப்பினால் தொடவே தொடாதீர்கள், வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவார்கள்.

தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகள் என்ற பக்கத்துக்குப் போய், லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள். பழைய அட்டைகளில் எண் சாய்கோடு சாய்கோடாகப் பிரிந்து இருக்கும். தளத்துக்கு அது புரியாது. முதலில் டி.என்., அடுத்து அலுவலக எண் இரண்டு இலக்கம், அப்புறம் லைசென்ஸ் எடுத்த ஆண்டு நான்கு இலக்கம், கடைசியில் வரிசை எண் ஏழு இலக்கம். மதுரை தெற்கு அலுவலகத்தின் எண் 58. அங்கே 1998ல் எடுத்த லைசென்ஸின் வரிசை எண் 1234 என்றால், டி.என்.58 என்று போட்டு ஓர் இடைவெளி விட்டு 19980001234 என்று அடிக்க வேண்டும். வரிசை எண்ணுக்கு முன்னால் ஏழு இலக்கம் நிரம்பும்வரை சைபர் போட வேண்டும் என்பதுதான் சூட்சுமம்.

அப்படி அடித்தும் விவரம் வரவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, லைசென்ஸில் உள்ள பிறந்த தேதியும் நீங்கள் அடிப்பதும் வேறாக இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று என்று மூன்று பிறந்த தேதியோடு இருக்கும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய. இங்கே லைசென்ஸில் உள்ளதைத்தான் போட வேண்டும். இன்னொன்று, உங்கள் லைசென்ஸ் புத்தகமாக இருந்த காலத்தில் எடுத்தது, கணினியில் ஏறவே இல்லை. அப்போது லைசென்ஸ் கொடுத்த பழைய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். புத்தகத்தையும் நகலையும் கொடுத்து "பேக்லாக் என்ட்ரி போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும். அது ஏறிய பிறகு மற்றதெல்லாம் எங்கிருந்தும் செய்யலாம்.

விவரம் வந்துவிட்டதா, செல்போன் எண்ணைப் பாருங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் போகும். எப்போதோ டிரைவிங் ஸ்கூல்காரர் தன் எண்ணையே கொடுத்து வைத்திருப்பார். எண்ணை மாற்றத் தளத்திலேயே தனி வசதி இருக்கிறது, முதலில் அதை முடித்துவிடுங்கள்.

ஆதாரைக் கொடுத்து விண்ணப்பித்தால் பல சேவைகளுக்கு அலுவலகம் போக வேண்டியதில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு பெரும் தலைவலி. லைசென்ஸில் எஸ். முருகன், ஆதாரில் முருகன் சுப்பையா, வாக்காளர் அட்டையில் வெறும் முருகன். மனிதர் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள். ஆதாரில் திருத்தலாம், அல்லது ஆதார் இல்லாத வழியில் விண்ணப்பித்துவிட்டு, நாள் குறித்துக்கொண்டு அசல் ஆவணங்களோடு நேரில் போகலாம். எனக்குக் கேட்டால், அவசரம் இல்லாதவர்கள் ஆதாரைத் திருத்திக்கொள்வதே மேல். இதே சிக்கல் நாளைக்கு வங்கியிலும் பாஸ்போர்ட்டிலும் வரும்.

எந்தச் சேவை வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஒன்றுக்கு மேலே டிக் செய்யலாம். புதுப்பித்தல், முகவரி மாற்றம் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடுங்கள். அட்டை தொலைந்திருந்தால் மாற்று அட்டையையும் அதிலேயே கேட்கலாம். அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிவு செய்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் கையெழுத்தும் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஏறாது, சுருக்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவம். நாற்பது வயது ஆகாதவர்கள் சொந்த வண்டி லைசென்ஸுக்குப் படிவம் 1ல் தாங்களே உறுதிமொழி கொடுத்தால் போதும். நாற்பது ஆனவர்களும், டி.ஆர். வைத்திருக்கும் எந்த வயதுக்காரரும் படிவம் 1ஏ வாங்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அது. அதில் ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரிதான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, காது கேட்கிறதா என்பதும் உண்டு. படிவம் 1ல் வலிப்பு, திடீர் மயக்கம், மாலைக்கண் பற்றியெல்லாம் கேட்டிருப்பார்கள்.

ஆளைப் பார்க்காமலே சீல் குத்திக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அங்கே போகாதீர்கள். போகும் முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தெருவில் நிற்கும் காரிலிருந்து பெரிய தப்படியாக முப்பது தப்படி, கொஞ்சம் முன்னே பின்னே 25 மீட்டர் வரும், நடந்து போய்த் திரும்பி நின்று எண்ணைப் படியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் படித்துப் பாருங்கள். அப்பாவுக்கு இப்படித்தான் இடது கண்ணில் புரை இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் சான்றிதழ் வாங்கினோம். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று அவர் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

மத்திய விதிப்படி புதுப்பிக்கும் கட்டணம் 200 ரூபாய். அட்டைக்கும் முகவரி மாற்றத்துக்கும் தனித்தனி, சேவைக் கட்டணமும் சேரும். மொத்தம் எவ்வளவு என்று தளமே காட்டும், அங்கேயே கட்டிவிட்டு ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வராதவர்கள் இ-சேவை மையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ செய்துகொள்ளலாம். அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் புரோக்கருக்கு இதில் வேலையே இல்லை. தமிழ்நாட்டில் இப்போது அட்டை விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது, அலுவலகத்தில் கையில் தருவதில்லை. அதனால் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

வேறு ஊருக்கோ மாநிலத்துக்கோ குடிபோனவர்கள் கேட்பது: லைசென்ஸை டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டுமா? ஒரு மாநிலத்து லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். பெங்களூருக்குப் போனதாலேயே உங்கள் டி.என். லைசென்ஸ் செல்லாமல் போகாது. அங்கேயே புதுப்பிக்க வேண்டும் என்றால் அந்த ஊர் முகவரிச் சான்றோடு, முகவரி மாற்றத்தையும் சேர்த்து அங்குள்ள அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கும்போது புதிதாக இன்னொன்று எடுக்க மட்டும் போகாதீர்கள், ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான். வண்டிக்கு விதி வேறு. வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, என்று எல்லோரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்த வண்டி விவகாரத்தைத்தான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த முன்கூட்டிய ஒரு வருடம் பெரிய உதவி. லீவில் வந்திருக்கும்போது தேதி முடிய எட்டு மாதம் இருந்தாலும் புதுப்பித்துவிடலாம். புதுப்பித்த நாளிலிருந்துதான் புதுக் கணக்கு தொடங்கும், மிச்சம் இருக்கும் மாதங்கள் போய்விடும். போனால் போகட்டும். அங்கே இருந்துகொண்டு ஒரு வருடம் தாண்டவிட்டு, திரும்பி வந்து ஓட்டிக் காட்டுவதைவிட அது எவ்வளவோ தேவலை.

விண்ணப்பம் போட்டுவிட்டு அட்டை வரும்வரை என்ன செய்வது என்று கேட்பார்கள். புதுப்பித்தது பதிவாகிவிட்டால் அரசின் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் புதுத் தேதி தெரியும். 2018லிருந்து அவற்றில் காட்டுவது அசலுக்குச் சமம். செயலியைத் திறந்து காட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். புதுத் தேதி அதில் ஏறும்வரை பஸ்ஸில் போங்கள்.