தலையிலும் முகத்திலும் கொட்டும் வியர்வை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயிலோ உழைப்போ இல்லாத நேரத்திலும் தலைமுடி நனைந்து, நெற்றி வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கி எரிகிறது என்றால், பலரும் முதலில் தேடுவது அதை நிறுத்தும் மருந்தைத்தான். எப்போது, எங்கே, எதையொட்டி வியர்க்கிறது என்று கவனிக்காமல் மருந்துக்குப் போவதே முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வேறு நோய் எதுவும் இல்லாமல், வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் பரிவு நரம்புகள் தேவைக்கு மேல் தூண்டப்படுவதால் வருவது ஒரு வகை. இது பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்கும், இரு பக்கமும் ஒரே மாதிரி வழியும், தூங்கும்போது அடங்கிவிடும், குடும்பத்தில் இன்னும் சிலருக்கும் இருக்கலாம். நடுவயதில் புதிதாகத் தொடங்கினாலோ, இரவில் தலையணை நனைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, மாதவிடாய் நிற்கும் பருவம், காசநோய் போன்ற தொற்றுகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். சாப்பிடும்போது கன்னத்தில் மட்டும் வியர்த்தால், காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் முன்பு அறுவை சிகிச்சை நடந்ததை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது. மாத்திரையின் மீது சந்தேகம் வந்தாலும், அதைத் தாமாக நிறுத்துவது வியர்வையைவிடப் பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடலாம். நெஞ்சு வலியோடு உடல் சில்லிட்டு வியர்ப்பதும், இன்சுலின் போடுபவருக்கு நடுக்கத்தோடு வியர்ப்பதும் அவசர நிலைகள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

"எல்லாம் பதற்றம்தான்" என்று ஒதுக்குவதும் சரியன்று. பதற்றம் வியர்வையைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் வியர்த்துவிடுமோ என்ற அச்சமே பலருக்குப் பதற்றத்தைத் தருகிறது.

பவுடரை அப்பிக்கொள்வதால் சுரப்பி அடங்காது. ஈரத்தில் அது திட்டுத் திட்டாகப் படிவதுதான் மிச்சம். மணிக்கொருமுறை சோப்புப் போட்டு முகம் கழுவினால் தோல் வறண்டு எரிச்சல் கொடுக்கும். மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தாலே போதும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் வியர்வை குறையும் என்று நினைப்பது வீண் மட்டுமன்று, வெப்பக் காலத்தில் ஆபத்தும்கூட.

அலுமினியம் குளோரைடு கரைசலைத்தான் பலர் தவறாகப் பயன்படுத்திவிட்டு, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடுகிறார்கள். நாற்றத்தை மட்டும் மறைக்கும் டியோடரண்ட் வேறு, வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைக்கும் இந்தக் கரைசல் வேறு. குளித்த கையோடு ஈரத் தோலில் தடவினால் அது நீருடன் சேர்ந்து அமிலமாகி எரியும். சவரம் செய்த உடனே தடவினாலும் எரியும். இரவில் வியர்வை அடங்கிய பின், நன்றாக உலர்ந்த நெற்றியிலும் முடி தொடங்கும் ஓரத்திலும் கண்ணுக்கு எட்டாமல் மெல்லப் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். அக்குளுக்கு வாங்கிய கடுமையான கரைசலை முகத்துக்கும் பூசாமல், செறிவைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வியர்வை கட்டுக்குள் வந்ததும் வாரத்துக்கு ஓரிரு இரவுகள் போதும்.

ஆக்சிபியூட்டினின், கிளைக்கோபைரோலேட் போன்ற மாத்திரைகள் பலன் தரக்கூடியவை. ஆனால் அவை உடல் முழுவதும் வியர்வையைக் குறைப்பதால் கடும் வெயிலில் உடல் சூடேறிவிடலாம்; வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவையும் வரும். கண் அழுத்த நோயோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. வியர்வைச் சுரப்பிக்கு நரம்பிலிருந்து வரும் தூண்டலைத் தடுக்க நெற்றியில் போடும் போட்டாக்ஸ் ஊசியின் பலன் சில மாதங்கள் நீடிக்கும். பழக்கமில்லாத கையால் போட்டால் புருவம் தொங்கிப்போகலாம்.

மார்புக்குள் செல்லும் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையை முதல் வழியாக நாடுவது, என் கருத்தில், இவை எல்லாவற்றிலும் கனமான தவறு. முகம் உலர்ந்தாலும் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் ஈடுகட்டும் வியர்வை பெருகக்கூடும். சிலருக்கு அது பழைய தொல்லையைவிட மோசமாக இருக்கும். துண்டித்த நரம்பைப் பழையபடி ஆக்கவும் நம்பகமான வழி இல்லை என்பதால், மற்ற சிகிச்சைகள் அனைத்தும் பலனளிக்காத பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.