போர்க்லிஃப்ட் ஓட்டுபவரை வாத்தியார் ஆக்குவது எப்படி

பெருந்துறை, திருப்பூர் பக்கம், சுமை தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டிக்குப் பயிற்சியாளர் வேண்டும் என்றால் குடோன்காரர்கள் உடனே கைகாட்டுவது பத்து வருடம் வண்டி ஓட்டியவரைத்தான். ஓட்டுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. பழைய கைகளிடம் குறுக்கு வழியும் அதிகம், அது அப்படியே பையன்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் முதல் நாள் அவரை வண்டியில் ஏற விடாதீர்கள். எவ்வளவு எடை தூக்கலாம் என்று வண்டியில் ஒட்டியிருக்கும் கெபாசிட்டி பிளேட் முன்னால் நிறுத்தி, அதைப் பாடமாக நடத்தச் சொல்லுங்கள். 2 டன், லோடு சென்டர் (சுமை தாங்கும் போர்க் கம்பிகளின் அடியிலிருந்து எடையின் மையம் வரை உள்ள தூரம்) 500 மி.மீ. என்று போட்டிருக்கும் வண்டியில், 1200 மி.மீ. நீளமுள்ள பேலட்டை (சரக்கு அடுக்கும் தட்டு) நீளவாக்கில் எடுத்தால் எடையின் மையம் 600-இல் போய் நிற்கும், அப்போது முழு 2 டன்னைத் தூக்கக் கூடாது. இதை நூல் பெட்டி அடுக்கிய ஒரு பேலட்டை வைத்து, மில்லில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறாரா என்று பாருங்கள். பாதிப் பேர் இங்கேயே திணறுவார்கள்.

அப்புறம் தப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை. லோடு ஏற்றாத வண்டியில், போர்க்கை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியபடி ஒருவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்ததும் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி, போர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்க வைத்து, ஏன் என்றும் சொல்பவர் தேறுவார். கத்துபவர் தேறமாட்டார்.

சரி, பயிற்சி கொடுக்கும் தொழிலுக்கு வருவோம். போனில் வருவது பெரும்பாலும் இதுதான்: "ஏனுங்க, நாளைக்கு ஆடிட் வருது, இருபது பேருக்கு ஒரே நாள்ல முடிச்சு சர்டிபிகேட் குடுத்துருவீங்களா?" ஒரே வண்டி, எட்டு மணி நேரம், இருபது பேர் என்றால் ஆளுக்கு 24 நிமிடம், டீ நேரம் போக இன்னும் குறைவு. பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டுதலில் ஒரு பயிற்சியாளருக்கு மூன்று பேர்தான். அந்தக் கணக்கில் போனால் ரேட் ஏறும், ஆர்டர் கை நழுவும், எனக்கும் நழுவியிருக்கிறது. ஆள் கணக்கில் ரேட் சொல்லாமல் ஸ்டீயரிங் பிடிக்கும் மணி கணக்கில் சொல்லிப் பாருங்கள், பேரம் பேசுகிறவருக்கே எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஆபரேட்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது விதி, வாத்தியாருக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சர்டிபிகேட்டில் வண்டியின் வகை, டன் இரண்டையும் எழுதுங்கள். டீசல் வண்டியில் தேறியவர், உயரமான அலமாரிகளில் சரக்கு எடுக்கும் ரீச் டிரக்கில் ஏறினால், அந்தப் பேப்பரைக் காட்டியே சூப்பர்வைசர் இறங்கச் சொல்லலாம்.