காமகுராவில் யார் ஆண்டது? கண்டுபிடிக்கும் வழி

காமகுரா கால (12–14-ஆம் நூற்றாண்டு) ஜப்பானைப் படிக்கும்போது அரியணையில் யார் என்று கேட்காதீர்கள். நிலத் தகராறை யார் தீர்த்தார் என்று தேடுங்கள். என் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். கியோட்டோவில் பேரரசர் இருப்பார். காமகுராவில் ஷோகுன், அதாவது படைத்தலைவரான ஆட்சியாளர்; 1192-இல் மினமோட்டோ யோரிடோமோ பெற்ற பட்டம் அது. அவர் மறைந்த சில ஆண்டுகளில், மனைவி மசாகோவின் ஹோஜோ குடும்பம் ‘ஷிக்கென்’ (ஷோகுனின் பெயரில் ஆளும் பதிலாள்) பதவியில் அமர்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டது. 1221-இல் எதிர்த்து நின்ற முன்னாள் பேரரசர் கோ-டோபாவையே ஓகி தீவுக்கு நாடுகடத்தினார்கள்! தலை சுற்றுகிறதா? தாளில் பட்டத்தை ஒரு பக்கமும் அதிகாரத்தை மறுபக்கமும் எழுதுங்கள்.

சோங் வம்சம் ஆண்ட சீனாவுக்குக் கேள்வி வேறு: அரசுப் பணித் தேர்வில் தேறியது யார்? விடைத்தாளில் பெயரை மறைத்து, கையெழுத்து தெரியாதபடி எழுத்தர்கள் பிரதி எடுத்த பிறகே திருத்தினார்கள். ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வசதி வேண்டுமே. அது எந்த வீடுகளில் இருந்தது என்றும் பாருங்கள்.