ஒரே மாடியில் வளர்ந்த இருவர்: பால்ய நட்பு காதலாகும் நாவலை எழுதும் முறை

மற்றக் காதல் நாவல்களில் இருவரும் முதல் அத்தியாயத்தில் சந்திப்பார்கள். ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும்போது வாசகரும் கூடவே அறிந்துகொள்வார். கதை தானாக நகரும். பால்ய சிநேகிதர்களின் கதையில் அந்த வசதி கிடையாது. அவள் எந்த வயதில் முன்பல்லை உடைத்துக்கொண்டாள், எந்த ஆசிரியரைக் கண்டால் நடுங்குவாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் காதல் எப்படி முளைக்கும் என்ற கேள்விதான் இந்த வகையின் மொத்தச் சவால். இதைக் கவனிக்காமல் எழுதுகிறவர்கள் பத்தாவது அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டு, பக்கங்களை நிரப்ப ஒரு வில்லனையோ விபத்தையோ இழுத்து வருகிறார்கள்.

எழுத உட்காருமுன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இத்தனை வருடம் ஏன் இல்லை? இப்போது ஏன்? இரண்டுக்கும் ஒவ்வொரு வரி போதும். "திடீரென்று உணர்ந்தான்" என்பது பதில் இல்லை. "லோகன் சிங்கப்பூரில் நான்கு வருடம் வேலை பார்த்தான், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் திரும்பினான், இந்த நான்கு வருடமும் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்தவள் சிநேகிதி பவித்ராதான் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது" என்பது பதில். இதில் பிரிவு இருக்கிறது, திரும்பி வரக் காரணம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்குத் தெரியாத ஒரு பவித்ரா இருக்கிறாள்.

பிரிவு இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் யாரும் பெரிதாக மாறியிருக்க மாட்டார்கள். எட்டு வருடத்தைத் தாண்டினால் கிட்டத்தட்ட அந்நியர்கள்; அது வேறு வகை நாவல். மூன்று முதல் ஆறு வருடம் சரியான அளவு. பிரிவே இல்லாமலும் எழுதலாம், ஆனால் அப்போது "இப்போது ஏன்" என்ற கேள்விக்கு இன்னும் வலுவான பதில் வேண்டும்: ஒருவருக்குப் பெண் பார்க்கத் தொடங்குவது, வீடு மாறுவது, ஒரு மரணம்.

அடுத்து, உறவுமுறை. தமிழ் வாசகரிடம் இந்த நாவல் நிற்பதும் விழுவதும் இங்கேதான். முதல் அத்தியாயத்தில் அவள் அவனை "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டால், பிறகு எத்தனை மழையில் நனைத்தாலும் வாசகர் மனம் ஒப்பாது. அவர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைப்பார்கள் என்பதோடு, பெற்றோரை எப்படி அழைப்பார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். அவன் அம்மாவை அவள் "அத்தை" என்றால் வழி முதலிலிருந்தே திறந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் அரைகுறையாக அதை எதிர்பார்த்திருக்கக்கூட வாய்ப்புண்டு. "பெரியம்மா" என்றால் அவன் அண்ணன் முறையாகிவிடுகிறான். அந்தத் தடையை நேருக்கு நேர் எழுதத் துணிவிருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் புழங்கும் "ஆன்ட்டி", "அங்கிள்" எந்தப் பக்கமும் சாயாதவை. பாதுகாப்பானவை, கொஞ்சம் சுவை குறைந்தவை.

பிறந்த வருடத்தைக் குறித்துவிட்டு, அதை வைத்து ஒரு கால அட்டவணை போடுங்கள். மலேசிய வாசகர்கள் இதில் பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். இருவரும் 1998இல் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் என்று வைத்துக்கொண்டால் 2005இல் ஆண்டு ஒன்று, 2010இல் ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு. இங்கே கதைக்குப் பொன்னான ஒரு திருப்பம் காத்திருக்கிறது. மலாய்மொழித் தாள்களில் போதிய தேர்ச்சி பெற்றவர் 2011இல் நேராக இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போவார். பெறாதவர் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்காருவார். முன்னவர் 2013இல் படிவம் மூன்றின் பிஎம்ஆர் தேர்வை எழுதுவார், அதுதான் அந்தத் தேர்வின் கடைசி வருடம். பின்னவர் 2014இல் அதற்குப் பதிலாக வந்த முதல் பிடி3 தேர்வை எழுதுவார். படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வும் 2015, 2016 என்று பிரியும். ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் திடீரென்று மேல்வகுப்பு, கீழ்வகுப்பு ஆகிறார்கள். அந்த அவமானம் பதின்மூன்று வயதில் எவ்வளவு பெரியது! அதற்காகவே அவன் பேசாமல் விலகியிருக்கலாம். நாட்டின் பள்ளி முறையே தயாரித்துத் தரும் இந்தப் பிரிவை நம் எழுத்தாளர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும்.

நாயகி இன்னும் இளையவள் என்றால் கவனம்: யூபிஎஸ்ஆர் கடைசியாக நடந்தது 2019இல். 2020 மார்ச் 18 முதல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த வருடம் ஏப்ரலில் இருவரும் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடிக்க முடியாது.

இடத்துக்கும் இதே கணக்கு. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா இன்றைய தோற்றத்தில் திறக்கப்பட்டது 2010இல், நியூ சென்ட்ரல் பேரங்காடி 2014இல். 2008இல் நடக்கும் சிறுவயதுக் காட்சியில் இரண்டும் இருக்கக்கூடாது. பினாங்கில் அடிக்கடி நடக்கும் தவறு படகில். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் காரோடு ஏறிப்போகும் பழைய மஞ்சள் ஃபெரி 2020 முடிவோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. ஆகவே சிறுவயதில் அப்பாவின் காருக்குள் உட்கார்ந்து கடலைத் தாண்டியவர்கள், இன்று அதே கடலைப் படகில் தாண்ட மோட்டார் சைக்கிளில் ஏறிப்போகலாம். ஒருவர் பின்னால் ஒருவர். காதல் நாவலுக்கு இதைவிட நல்ல மாற்றத்தை யார் தருவார்கள்?

இப்போது மையமான வேலைக்கு வருவோம். எல்லாம் தெரிந்தவர்களிடையே காதல் எப்படித் தொடங்கும் என்பதற்கு இந்த வகை தரும் சிறந்த விடை, தெரிந்தது தப்பாகும் இடத்தில் தொடங்கும் என்பதே. ஒருவரைப் பற்றி நமக்கு இருக்கும் அறிவு பழசாகிவிட்டதை ஒரு சின்னச் செயல் காட்டிக்கொடுக்கும். அந்தக் காட்சியை எழுதத் தெரிந்தால் பாதி நாவல் முடிந்த மாதிரி. வழக்கமாக எழுதப்படுவது இப்படி:

"பவித்ராவை இன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது லோகனுக்கு. இதயம் படபடத்தது. எப்போது இவள் இவ்வளவு அழகானாள்?"

இது எந்த நாவலின் எந்த நாயகனுக்கும் பொருந்தும். இவர்கள் சேர்ந்து வளர்ந்தவர்கள் என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை. இதையே இப்படிப் பாருங்கள்:

நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்ததும் லோகன் தன் வெள்ளரித் துண்டுகளை அவள் இலைக்குத் தள்ளினான். நெத்திலி இந்தப் பக்கம் வரவில்லை.
"என்ன பவி, என் நெத்திலி?"
"நானே சாப்பிடுறேன் லா இப்ப."
"எப்பலேர்ந்து?"
"நீ போனதுலேர்ந்து."
வெள்ளரியைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இங்கே அழகு, இதயம், படபடப்பு எதுவும் இல்லை. பத்து வருடப் பழக்கம் ஒன்று முறிந்திருக்கிறது. அது முறிந்ததற்கு அவனே காரணம். வாசகருக்கு இருவர் மேலும் அக்கறை வந்துவிடும். இப்படி மூன்று அல்லது நான்கு "பழசான அறிவு"க் காட்சிகள் ஒரு நாவலுக்கு வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி வரட்டும். அவனே தப்பாக நினைத்துக்கொண்டிருந்தால் அவள் வெறும் புதிர் ஆகிவிடுவாள்.

நினைவுகளை அளந்து செலவிடுங்கள். இருவருக்கும் பொதுவான பன்னிரண்டு நினைவுகளைப் பட்டியலிட்டு, ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். ஐந்தும் இரண்டு தடவை வர வேண்டும். முதல் தடவை வேடிக்கையாக, இரண்டாம் தடவை வேறு அர்த்தத்தோடு. பள்ளி வேன் அவளை விட்டுவிட்டுப் போன நாளில் அவனும் இறங்கி நடந்து வந்தான் என்பது ஐந்தாம் அத்தியாயத்தில் சிரிப்பு. அன்று வேன் அவளை விட்டுப் போகவில்லை, கட்டணம் கட்டாததால் ஏற்றவில்லை, அது அவனுக்கு அப்போதே தெரியும் என்று முப்பதாம் அத்தியாயத்தில் அவள் அறியும்போது கதை உலுக்கும். முழு நினைவோட்ட அத்தியாயங்கள் நாற்பதுக்கு நான்கைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றும் 600 சொற்களுக்குள் முடியட்டும். வாசகர் மனதில் கேள்வி எழுந்த பிறகே பழங்கதையைத் திறக்க வேண்டும். அதற்கு முன் திறந்தால் தள்ளிவிட்டுப் போவார்.

அளவு பற்றி: 40 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 1,300 சொற்கள், மொத்தம் 52,000. செயலிகளில் தொடராகப் போடவும் அச்சு நூலாக்கவும் இது தோதான கணக்கு. முதல் நான்கு அத்தியாயங்களில் பழக்கங்களின் வழியாக நெருக்கத்தைக் காட்டிவிடுங்கள். ஐந்து, ஆறில் முதல் அதிர்ச்சி. பன்னிரண்டுக்குள் ஒருவருக்கு மட்டும் தன் மனம் தெரிந்துவிட வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. இருபதையொட்டி சொல்ல வந்து சொல்லாமல் போகும் காட்சி. வாய்விட்டுச் சொல்வது இருபத்தாறுக்கு முன் வேண்டாம். பதினைந்திலேயே சொல்லவைத்தவர்கள் மிச்ச இருபத்தைந்தையும் "தவறான புரிதல்" என்ற ஒரே ஆணியில் தொங்கவிடுகிறார்கள். ஒரு போன் அழைப்பில் தீரக்கூடிய சந்தேகத்தை ஐந்து அத்தியாயத்துக்கு இழுத்தால் அது வாசகரின் பொறுமையை அவமதிப்பது.

தடை எதில் இருக்க வேண்டும்? இழப்பில். காதல் தோற்றால் நட்பும் போகும், இரண்டு வீட்டு உறவும் போகும். இதை வார்த்தையால் சொல்லாமல் பொருளால் காட்டுங்கள். பினாங்கில் கதை நடந்தால், தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுன் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்கு ரதம் போகும் வழியில் இரு குடும்பமும் சேர்ந்து வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடட்டும். கூடாரம் அவன் அப்பாவுடையது, அண்டா அவள் அம்மாவுடையது, மோருக்குப் பச்சை மிளகாய் நறுக்குவது பாட்டி. இருவரும் முறைத்துக்கொண்டிருக்கும் வருடத்தில் அந்த அண்டாவை யார் தூக்குவது? கோலாலம்பூர் என்றால் பத்துமலைக்கு நடந்துபோகும் கூட்டத்தில் இதையே வைக்கலாம். 2021 தைப்பூசத்தை மட்டும் கூட்டத்தோடு எழுதாதீர்கள். அந்த வருடம் காவடிக்கும் பக்தர் கூட்டத்துக்கும் அனுமதி இல்லை.

சாதியைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறவர்கள் பலர். அது நேர்மையில்லை. இருபது வருடம் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டபோது யாரும் கேட்காத கேள்வியைக் கல்யாணப் பேச்சு வந்ததும் கேட்கிறார்கள். பால்ய நட்பு நாவல் மட்டுமே இந்த முரணைக் கூர்மையாகக் காட்ட முடியும். மதம் வேறாக இருந்தால் சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனில் இந்துத் தமிழரும் தமிழ் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கதவில் வளர்வது இயல்பு. ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மதம் மாறாமல் இருவரும் இங்கே பதிவு செய்துகொள்ள இயலாது. கடைசி அத்தியாயத்தில் "பதிவு அலுவலகம் போனார்கள்" என்று ஒரு வரியில் தீர்க்க முடியாத விஷயம் இது. முஸ்லிம் அல்லாத இருவருக்கும்கூட, வழக்கமான முறையில் விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. 21 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். வீட்டில் சண்டை, மறுநாள் காலை பதிவுத் திருமணம் என்று எழுதாதீர்கள்.

மூன்றாவது ஆளை, அதாவது வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை, நல்லவராகவே வையுங்கள். கெட்டவரை விட்டுவிட்டு வருவதில் தேர்வு எதுவும் இல்லை.

உரையாடலில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. "உனக்கு ஞாபகம் இருக்கா, நாம ஆண்டு மூணுல படிக்கும்போது தலைமையாசிரியர் கார் கண்ணாடிய பந்தடிச்சு உடைச்சோமே?" இருவருக்கும் தெரிந்ததை இருவரும் இப்படி முழுசாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "அந்தக் கண்ணாடி மாதிரி ஆயிடப் போவுது" என்று அவள் சொல்ல, அவன் சிரித்தால் போதும். என்ன கண்ணாடி என்று வாசகர் ஏங்கட்டும். பழகியவர்கள் பாதி வாக்கியத்தில் பேசுவார்கள். மலாய்ச் சொல் வரவேண்டிய இடத்தில் வரட்டும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் "லா" ஒட்டினால் கேலிச்சித்திரமாகிவிடும். பக்கத்துக்கு ஒன்று போதும். காதலைச் சொன்ன மறுநாளே "டா" போய் "நீங்க" வந்துவிட வேண்டாம். ஒருநாள் அவன் அம்மா முன்னால் "வாடா" என்று வாயெடுத்துவிட்டு அவள் நிறுத்திக்கொள்ளும் அந்த அரை நொடி ஒரு முழுக் காட்சிக்குச் சமம்.

முடித்த பிறகு ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். பிறகு இருவரிடம் கொடுங்கள்: அந்த ஊரில் வளர்ந்த ஒருவர், வளராத ஒருவர். முன்னவர் இடப் பிழைகளைச் சொல்வார். பின்னவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த அத்தியாயத்தில் இவர்கள் சேர வேண்டும் என்று தோன்றியது? பத்துக்குப் பிறகு என்று சொன்னால் முதல் நான்கு அத்தியாயங்களைத் திருப்பி எழுத வேண்டும்.

சொந்தமாக அச்சிடுவதென்றால் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம், கட்டணம் இல்லை. அச்சகத்துக்குக் கோப்பு போகுமுன் எண் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னட்டையைத் திரும்ப அடிக்க நேரும். நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்புவது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அச்சுக் கணக்குப் போடும்போதே அந்த ஐந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.